மக்களாட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்களாட்சி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு நாட்டை யார் ஆள வேண்டும், எப்படி ஆள வேண்டும் என்பதை அந்நாட்டு மக்களே முடிவுசெய்யும் ஆட்சிமுறை மக்களாட்சி. ஜனநாயகம், குடியாட்சி என்று சொல்வதும் இதைத்தான். இது பாடநூல் விடை, தவறும் இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டில் மக்களாட்சி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் இன்று உலகில் ஏறக்குறைய எல்லா அரசுகளும் மக்கள் பெயரைச் சொல்லித்தான் ஆள்கின்றன. நடைமுறைக்கு உதவும் கேள்விகள் இரண்டு. இப்போது ஆள்கிறவர்கள் அடுத்த தேர்தலில் தோற்க உண்மையாகவே வாய்ப்பு உண்டா? தோற்றால் ரத்தம் சிந்தாமல் பதவியை விட்டு இறங்குவார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அங்கே மக்களாட்சி இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் இந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆபிரகாம் லிங்கன் சொன்ன வரையறையைத்தானே எல்லோரும் எழுதுகிறோம்?

எழுதலாம், மதிப்பெண்ணும் கிடைக்கும். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறையில் லிங்கன் ஆற்றிய சிறிய உரையின் முடிவில் வருவது அது. மக்களுடைய, மக்களால் நடக்கும், மக்களுக்கான அரசு இம்மண்ணிலிருந்து அழிந்துவிடக் கூடாது என்றார். உள்நாட்டுப் போரில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தாரே தவிர, வரையறை சொல்ல அவர் அங்கே போகவில்லை. அன்றைய அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்கில்லை, கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோருக்கும் வாக்கில்லை. ‘மக்கள்’ என்ற கணக்கில் யாரையெல்லாம் சேர்ப்பது என்ற சண்டைதான் மக்களாட்சி வரலாற்றில் பாதி.

தேர்தல் நடந்தால் மக்களாட்சிதானே?

வட கொரியாவிலும் தேர்தல் நடக்கிறது. அந்நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘கொரிய ஜனநாயக மக்கள் குடியரசு’. 2002 அக்டோபரில் ஈராக்கில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 100 விழுக்காட்டினரும் சதாம் உசேனையே ஆதரித்ததாக அவரது அரசு அறிவித்தது. நூற்றுக்கு நூறு என்று ஒரு தேர்தல் முடிவு வந்தால் அது தேர்தலே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தேர்தல் உண்மையாக இருக்க அதைச் சுற்றிப் பல விஷயங்கள் வேண்டும். எதிர்க்கட்சி கூட்டம் போடவேண்டும், பத்திரிகை ஆளுங்கட்சியைத் திட்டவேண்டும், ஆளுங்கட்சிக்கு எதிராகவும் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லவேண்டும், வாக்குப்பெட்டியைப் பாதுகாப்பவர் அமைச்சருக்குக் கைகட்டி நிற்காதவராக இருக்கவேண்டும். இதில் எதுவும் தானாக வந்ததில்லை. இன்று இயல்பாக எடுத்துக்கொள்ளும் ரகசிய வாக்குச்சீட்டையே பாருங்கள். 1856-ல்தான் ஆஸ்திரேலியப் பகுதிகளான விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் அது சட்டமானது. பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் மேடை முன் வந்து, தான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்லவேண்டும். அவர் குத்தகைக்கு உழும் நிலத்தின் சொந்தக்காரர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்படி விழுந்த வாக்குகளில் எத்தனை சொந்த வாக்கு?

குடியரசும் மக்களாட்சியும் ஒன்றா?

இல்லை. பரம்பரை மன்னர் நாட்டுத் தலைவராக இல்லாவிட்டால் அது குடியரசு, அவ்வளவுதான். பிரிட்டன், ஜப்பான், நார்வே ஆகியவற்றில் மன்னர் உண்டு, எனவே குடியரசு இல்லை. ஆனால் மக்களாட்சி உண்டு. சீனா குடியரசு, ஆனால் அங்கே ஆளுங்கட்சி தோற்பதற்கு வழியே கிடையாது. இந்தியா இரண்டும்.

மக்களாட்சி எங்கே தொடங்கியது?

எழுத்துச் சான்று நிறைய உள்ள மிகப் பழைய உதாரணம் ஏதென்ஸ். கி.மு. 508-507 வாக்கில் கிளீஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்களிலிருந்து கணக்கு வைப்பார்கள். நகரத்துக் குன்று ஒன்றில் மக்கள் சபை கூடும், குடிமகன் எவரும் பேசலாம், கையை உயர்த்தி வாக்களிக்கலாம். சபையில் எதைப் பேசுவது என்று ஒழுங்குபடுத்திய 500 பேர் கொண்ட அவையை அவர்கள் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் வைத்தால் பணக்காரனும் பேர்பெற்றவனும்தான் ஜெயிப்பான் என்பது அந்தக் காலத்துச் சிந்தனை. படைத்தளபதி மாதிரி, திறமை இல்லாதவன் வந்தால் ஊரே அழியும் என்ற பதவிகளுக்கு மட்டும் தேர்தல் நடத்தினார்கள்.

ரொம்பவும் வளர்ந்துவிட்ட தலைவரை வெளியேற்றவும் ஒரு முறை இருந்தது. உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். போதிய ஓடுகள் விழுந்து, அவற்றில் அதிகம் பேர் கீறியது அவர் பெயராக இருந்தால், 10 ஆண்டுகள் ஊரைவிட்டுப் போய்விடவேண்டும். சொத்து பறிபோகாது, திரும்பி வரலாம். அந்த ஓடுகள் அகழாய்வில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

பெண்கள், அடிமைகள், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருக்கும் இதில் இடமில்லை. கி.மு. 451-ல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடும்பத்தவராக இருந்தால்தான் குடியுரிமை.

சோழர் காலத்துக் குடவோலை முறை மக்களாட்சியா?

இந்தக் கேள்விக்குப் பெருமையோடு ‘ஆம்’ என்பவர்களும் எரிச்சலோடு ‘இல்லை’ என்பவர்களும் உண்டு. கல்வெட்டில் உள்ளதைப் பார்ப்போம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 வாக்கில் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாதே! முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டிக்கே வரமுடியாது.

முறைகேடு எங்கெல்லாம் நுழையும் என்று யோசித்து அடைத்திருக்கிறார்கள், இதில் சந்தேகமில்லை. ஆனால் தகுதி என்ன? சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குக் குறையாமல், வேதம் அறிந்திருப்பது, வயது வரம்பு. அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. ஆகவே ஏதென்ஸைப் போலவே இதுவும் ஒரு சிறிய வட்டத்துக்குள் நடந்த நல்ல ஏற்பாடு. ஏதென்ஸை மக்களாட்சியின் பிறப்பிடம் என்று சொல்லிக்கொண்டு இதை மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை. இதை இன்றைய மக்களாட்சிக்குச் சமம் என்பதும் சரியில்லை.

மக்களாட்சி எத்தனை வகைப்படும்?

நேரடி மக்களாட்சி, மறைமுக மக்களாட்சி என இரண்டு. மக்களே கூடிச் சட்டம் செய்தால் நேரடி. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் மூலம் செய்தால் மறைமுகம், இதையே பிரதிநிதித்துவ மக்களாட்சி என்றும் சொல்வார்கள். மறைமுக வகையில் நாடாளுமன்ற முறை, அதிபர் முறை, இரண்டும் கலந்த முறை என்று உட்பிரிவுகள். அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா, மாநிலங்களோடு பகிரப்படுகிறதா என்று ஒற்றையாட்சி, கூட்டாட்சி எனப் பிரிப்பதும் உண்டு, ஆனால் அது வேறு கணக்கு.

நேரடி மக்களாட்சி இன்றும் எங்காவது இருக்கிறதா?

முழுக்க முழுக்க அப்படி நடக்கும் நாடு இல்லை. மிக நெருங்கி வருவது சுவிட்சர்லாந்து. நாடாளுமன்றம் செய்த ஒரு சட்டம் பிடிக்கவில்லை என்றால், அது வெளியிடப்பட்ட 100 நாட்களுக்குள் 50,000 பேரிடம் கையெழுத்து வாங்கினால் போதும், சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தாகவேண்டும். 18 மாதங்களில் 1,00,000 கையெழுத்து திரட்டினால் அரசியலமைப்புத் திருத்தத்தையே மக்கள் முன்மொழியலாம். கிளாரஸ், அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற இரண்டு மாநிலங்களில் ஆண்டுக்கொரு முறை திறந்தவெளியில் கூடிக் கையை உயர்த்தி வாக்களிக்கும் வழக்கம் இன்னும் தொடர்கிறது.

இதன் மறுபக்கத்தையும் அங்கேயே பார்க்கலாம். பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் சுவிஸ் ஆண்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். தேசிய அளவில் அது வந்தது 1971-ல். அப்பென்செல் இன்னர்ரோடன் ஆண்கள் தங்கள் மாநிலத் தேர்தல்களில் 1990 ஏப்ரலில்கூட மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் பெண்களுக்கு உரிமை கிடைத்தது. இருக்கிற வாக்காளர்களிடம் புதிய வாக்காளர்களைச் சேர்க்கலாமா என்று கேட்டால் வரும் வினை இது.

எல்லோர் கையிலும் மொபைல் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் மக்களே ஓட்டுப் போட்டால் எம்.பி.க்கள் எதற்கு?

தொழில்நுட்பம் தடையில்லை என்றே வைத்துக்கொள்வோம். தடை வேறு இடத்தில் இருக்கிறது. பட்ஜெட்டின் நூற்றுக்கணக்கான பக்கங்களை வேலை முடிந்து வீடு வந்து படிக்க எத்தனை பேருக்கு நேரம் இருக்கும்? நேரம் உள்ளவர்களும் கோபம் உள்ளவர்களும்தான் கடைசியில் முடிவுசெய்வார்கள்.

கோபம் என்ன செய்யும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கி.மு. 406-ல் அர்கினுசே தீவுகளுக்கு அருகே நடந்த கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. ஆனால் புயல் வந்ததால், மூழ்கிக்கொண்டிருந்த சொந்த மாலுமிகளைத் தளபதிகளால் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்களின் உறவினர்கள் சபையில் அழுதார்கள், கூட்டம் கொதித்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கவேண்டும் என்பது வழக்கம். அதை மீறி எட்டுத் தளபதிகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்தினார்கள். அன்றைய தலைமைக் குழுவில் குலுக்கலில் இடம்பெற்றிருந்த சாக்ரடீஸ் இது சட்டப்படி செல்லாது என்று மறுத்தார், எடுபடவில்லை. ஊர் திரும்பியிருந்த ஆறு பேருக்கும் மரண தண்டனை. கோபம் அடங்கியதும் அதே ஏதென்ஸ் மக்கள் வருந்தி, தங்களைத் தூண்டிவிட்டவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். போன உயிர் திரும்பவில்லை. பிரதிநிதி, குழு, விவாதம், இரண்டாம் வாசிப்பு, மேலவை என்று சட்டம் ஆமை வேகத்தில் நகர்வதற்குக் காரணம், அந்தக் கோபம் ஆறுவதற்கு நேரம் கொடுப்பதுதான்.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. அயர்லாந்தில் 2016-ல் ஒரு குடிமக்கள் மன்றம் அமைத்தார்கள். ஒரு தலைவர், அவரோடு குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த 99 பொதுமக்கள். கருக்கலைப்புத் தடை பற்றி மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரு தரப்பு இயக்கத்தினர் எல்லோரிடமும் கேட்டு அவர்கள் பரிந்துரை தந்தார்கள். பிறகு 2018 மே மாதம் நாடு முழுக்கப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 66 விழுக்காட்டினர் தடையை நீக்க ஆதரவளித்தார்கள். பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்றால் இப்படி நடத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நாடாளுமன்ற முறை, அதிபர் முறை: எது நல்லது?

நாடாளுமன்ற முறையில் மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவர் பிரதமர் ஆகிறார், ஆதரவு போனால் பதவியும் போகிறது. இந்தியா, பிரிட்டன், கனடா, ஜப்பான் இந்த வகை. அதிபர் முறையில் அரசுத் தலைவருக்குத் தனித் தேர்தல், குறித்த பதவிக்காலம். நாடாளுமன்றம் அவரை எளிதில் அசைக்க முடியாது. அமெரிக்கா, பிரேசில், மெக்சிகோ இந்த வகை.

என் சாய்வு நாடாளுமன்ற முறைப் பக்கம். ஒருவர் சரிப்பட்டு வரவில்லை என்று தெரிந்துவிட்டால் ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை. பிரிட்டனில் 2022-ல் லிஸ் டிரஸ் 49 நாட்களே பிரதமராக இருந்தார். அமெரிக்காவில் கண்டனத் தீர்மானத்தை எதிர்கொண்ட மூன்று அதிபர்களில் ஒருவர்கூட செனட்டால் பதவி நீக்கப்படவில்லை, அவர்களில் டிரம்ப் இருமுறை எதிர்கொண்டவர். அதிபர் ஒரு கட்சி, அவை வேறு கட்சி என்றால் இழுபறி வேறு. 2018-19-ல் எல்லைச் சுவருக்கான பணம் குறித்த தகராறில் அரசு அலுவலகங்களில் ஒரு பகுதி 35 நாட்கள் மூடிக் கிடந்தது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். நாடாளுமன்ற முறையில் எண்ணிக்கைதான் எல்லாம் என்பதால் உறுப்பினர்களை இழுக்கும் வேலை நடக்கும். அதைத் தடுக்க இந்தியா 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. விளைவு, கொறடா சொன்னபடி கை தூக்கவேண்டிய நிலை. தொகுதி மக்களின் குரலாகப் போனவர் கட்சித் தலைமையின் கையாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்ட கதை.

அதிபரும் பிரதமரும் இருவருமே அதிகாரத்தோடு இருக்க முடியுமா?

முடியும். பிரான்ஸ் 1958-ல் அப்படி ஓர் அமைப்பை உருவாக்கியது, இலங்கை 1978-ல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறைக்கு மாறியது. இருவரும் ஒரே அணி என்றால் பிரச்சினையில்லை. வெவ்வேறு அணி என்றால் யார் பெரியவர் என்ற கேள்வி வரும். 2018 அக்டோபரில் இலங்கை ஜனாதிபதி தன் பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்தார், பழையவர் போக மறுத்தார். சுமார் ஏழு வாரங்கள் நாட்டில் பிரதமர் யார் என்பதே வழக்காக இருந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகுதான் பழையவர் மீண்டும் பதவியேற்றார்.

மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய கட்சி எப்படித் தனிப் பெரும்பான்மை பெறுகிறது?

தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வென்றவர் என்ற முறையால். பாதிக்கு மேல் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. நான்கு பேர் போட்டியிட்டால் 30 விழுக்காடு போதும். 2014 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. 31 விழுக்காடு வாக்குகளோடு 543-ல் 282 இடங்களைப் பிடித்தது. அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4 விழுக்காட்டுக்குமேல் வாங்கி, வாக்கு எண்ணிக்கையில் மூன்றாம் இடத்தில் இருந்தும் ஓரிடம்கூடப் பெறவில்லை. 2024-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி சுமார் 34 விழுக்காடு வாங்கி 650-ல் 411 இடங்களைக் கைப்பற்றியது. அமெரிக்காவில் 2016-ல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய தேர்வாளர்கள், அவர்கள் கணக்குதான் செல்லும்.

அப்படியானால் விகிதாசார முறைக்கு மாறிவிடலாமே?

நெதர்லாந்தில் நாடே ஒரு தொகுதி, 150 இடங்களையும் வாக்கு விகிதப்படி பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த வாக்கும் பெரிதாக வீணாவதில்லை. ஆனால் கட்சிகள் பெருகும், கூட்டணி பேச மாதக்கணக்கில் ஆகும். பெல்ஜியம் 2010-11-ல் 541 நாட்கள் முறையான அரசு இல்லாமல் இருந்தது. உங்களுக்கென்று ஓர் உறுப்பினர் இல்லாமல் போவதும் ஒரு குறை. தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் பட்டியலில் உள்ள 150 பேரில் யாரைக் கேட்பது? ஜெர்மனி இரண்டையும் கலந்தது, 5 விழுக்காட்டுக்குக் கீழே போன கட்சிக்குப் பொதுவாக இடமில்லை என்று வரம்பும் வைத்தது. இந்தக் கலப்பு முறையைப் பற்றி இன்னும் நிறையப் பேர் யோசிக்கவேண்டும்.

எல்லோருக்கும் வாக்குரிமை எப்போது வந்தது?

நாம் நினைப்பதைவிட மிக அண்மையில். பெண்களுக்குத் தேசிய அளவில் முதலில் வாக்குரிமை அளித்த நாடு நியூசிலாந்து, 1893. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான உரிமை வந்தது 1928-ல், பிரான்ஸில் 1944-ல். இவற்றில் பிரான்ஸை முந்திக்கொண்டது இலங்கை, 1931-லேயே ஆண் பெண் இருபாலருக்கும் அங்கே வாக்குரிமை வந்துவிட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் தடையின்றி வாக்களிக்க 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது.

இந்தியா 1951-52-ல் முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது சுமார் 17 கோடி வாக்காளர்கள், பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். படத்தைப் பார்த்து அந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். பட்டியல் தயாரித்தபோது பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே பதிவுசெய்யச் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒப்புக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கடுமைதான், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பலர் சொந்தப் பெயரோடு பட்டியலுக்கு வந்தார்கள்.

படிக்காதவருக்கும் விவரம் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி ஓட்டு எதற்கு?

இது புதிய யோசனை இல்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லே படித்தவர்களுக்குக் கூடுதல் வாக்கு தரலாம் என்று எழுதியவர்தான். பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன, 1948 சட்டம் அவற்றை ஒழித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். தேர்வு நடத்தும் அதிகாரி வெள்ளையர், கறுப்பினத்தவர் எவ்வளவு படித்திருந்தாலும் ஏதோ ஒரு கேள்வியில் தோற்பார். தகுதித் தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் வினாத்தாள் யார் கையில் என்பதுதான் பிறகு அரசியல். அதோடு, ரேஷன் வரவில்லை, பள்ளியில் ஆசிரியர் இல்லை என்பது தெரிய பட்டம் தேவையில்லை.

மக்களாட்சியின் நன்மைகள் என்ன?

பட்டியல் நீளமாகப் போடலாம்: சமத்துவம், பேச்சுரிமை, பொறுப்புடைமை, மக்கள் பங்கேற்பு. எனக்கு முதன்மையாகப் படுபவை இரண்டு.

ஒன்று, ஆள்பவரை உயிர்ச்சேதமின்றி மாற்றுவது. மன்னராட்சியிலும் சர்வாதிகாரத்திலும் தலைவரை மாற்ற மரணம், சதி, புரட்சி இவற்றில் ஒன்று வேண்டும். இரண்டாம் உலகப்போரில் வெற்றி தேடித்தந்த சர்ச்சிலை 1945 ஜூலையில் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவரும் போனார். இந்தியாவில் 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவித்த இந்திரா காந்தி 1977 மார்ச்சில் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார், பதவி விலகினார், 1980-ல் மறுபடி தேர்தலில் வென்று திரும்பினார். கார்ல் பாப்பர் என்ற தத்துவ அறிஞர், யார் ஆளவேண்டும் என்பதைவிடக் கெட்ட ஆட்சியாளரை ரத்தமின்றி எப்படி அகற்றுவது என்பதே முக்கியமான கேள்வி என்றார். நானும் அந்தக் கட்சிதான்.

மற்றொன்று, கெட்ட செய்தி மேலே போய்ச் சேருவது. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். காரணம் எளிது. பட்டினிச் சாவு செய்தியாகும், எதிர்க்கட்சி கையில் எடுக்கும், ஆளுங்கட்சிக்கு நாற்காலி ஆடும். காலனி ஆட்சியில் 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர், சுதந்திரத்துக்குப் பிறகு வறட்சிகள் வந்தும் அந்த அளவில் நடக்கவில்லை. சீனாவில் 1959-61-ல் கோடிக்கணக்கானோர் இறந்தபோது, கீழ்மட்ட அதிகாரிகள் விளைச்சல் அமோகம் என்று பொய்க் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை, பொய்யைச் சொன்னவனுக்குப் பாராட்டு. ஆனால் நாள்பட்ட ஊட்டச்சத்துக் குறைவு இப்படிச் செய்தியாவதில்லை, மக்களாட்சியிலும் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதையும் சென்னே சொன்னார்.

குறைகள்?

மிகப் பெரியது பெரும்பான்மையின் கொடுமை. 51 பேர் சேர்ந்து 49 பேரின் உரிமையைப் பறித்தாலும் வாக்குக் கணக்குப்படி அது சரியாகவே இருக்கும். 1931-லேயே வயது வந்தோருக்கு வாக்குரிமை கண்ட இலங்கையை மேலே பாராட்டினோம். அதே நாடு விடுதலை பெற்ற 1948-லேயே நாடாளுமன்றத்தில் முறைப்படி வாக்கெடுத்து ஒரு குடியுரிமைச் சட்டம் செய்தது. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை அனுப்பியவர்களுக்கு அடுத்த தேர்தலில் ஓட்டே இல்லை. சட்டவிரோதமாக எதுவும் நடக்கவில்லை, அதுதான் இதில் அச்சமூட்டுவது.

இதற்காகத்தான் வாக்கெடுப்பால் தொட முடியாதவை என்று சிலவற்றை ஒதுக்கி வைக்கிறார்கள்: அடிப்படை உரிமைகள், சுதந்திரமான நீதிமன்றம், மாநிலங்களின் அதிகாரம். 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றது. 13 நீதிபதிகளில் 7 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மைக்கு வேலி போடும் தீர்ப்பும் பெரும்பான்மையால்தான் வந்தது.

மற்ற குறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். முடிவெடுக்கத் தாமதம். அடுத்த தேர்தலுக்கு அப்பால் பலன் தரும் வேலைகளில் ஆர்வமின்மை. சாதி, மதம், மொழி, நடிகர் மோகம் என்று வேட்பாளரின் தகுதிக்குச் சம்பந்தமில்லாதவை வாக்கைத் தீர்மானிப்பது. அப்புறம் பணம்.

தேர்தலில் பணத்தைக் கட்டுப்படுத்தவே முடியாதா?

வேட்பாளருக்கு வரம்பு உண்டு, இந்தியாவில் பெரிய மாநிலங்களின் மக்களவைத் தொகுதிக்கு 2022 முதல் 95 லட்சம் ரூபாய். கட்சி செய்யும் செலவுக்கு வரம்பில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது மாதிரிதான். யார் கொடுத்தார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியாதபடி கட்சிக்கு நிதி தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் எதிர்த்திசையில் போனது, நிறுவனங்கள் தேர்தல் பிரசாரத்துக்குத் தனியாகச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது. முழுத் தீர்வு எங்கும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது தேர்தலுக்கு முன்பே தெரிவது குறைந்தபட்சத் தேவை.

சர்வாதிகார நாடுகள் வேகமாக முன்னேறுகின்றனவே?

சில முன்னேறின. சிங்கப்பூரையும் இன்றைய சீனாவையும் காட்டுபவர்கள், 1965 முதல் 1997 வரை ஜைர் நாட்டை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஆண்டு சுரண்டிய மொபுட்டுவைக் காட்டுவதில்லை. நல்ல சர்வாதிகாரி வருவார் என்பது உத்தரவாதம் இல்லாத சூதாட்டம். வந்தவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் மனம் மாறினாலோ, அடுத்து வருபவர் மோசமாக இருந்தாலோ என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த முறையில் பதில் கிடையாது.

மக்களாட்சி எப்படி அழிகிறது?

ராணுவ டாங்கி வந்து நிற்பது ஒரு வழி. இன்னொன்று உள்ளிருந்தே நடப்பது. ஹிட்லரின் கட்சி 1932 ஜூலைத் தேர்தலில் 37 விழுக்காடு, நவம்பரில் 33 விழுக்காடு. சுதந்திரமான தேர்தலில் அவர் பெரும்பான்மை வாங்கியதே இல்லை. அவரை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பழைமைவாதத் தலைவர்கள் 1933 ஜனவரி 30-ல் பிரதமர் பதவி கிடைக்க வழிசெய்தார்கள். மார்ச் 23-ல் நாடாளுமன்றமே வாக்களித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை அவர் அரசுக்குக் கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள், அவைக்குள் சீருடைக் குண்டர்கள் நின்றார்கள். அன்று எதிர்த்து வாக்களித்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டுமே. தேர்தல் ஆணையம், நீதிமன்றம், பத்திரிகை இவற்றில் ஒவ்வொன்றாக ஆளுங்கட்சியின் ஆட்கள் நிரம்பும்போது கவனிக்கத் தொடங்கவேண்டும்.

வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா?

ஆஸ்திரேலியா 1924 முதல் அப்படித்தான், வராவிட்டால் சிறு அபராதம். வாக்குப்பதிவு 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தேர்தல் சனிக்கிழமை நடக்கும், அஞ்சலிலும் வாக்களிக்கலாம். வரிசையில் நிற்க ஒருநாள் கூலியை இழக்கவேண்டிய நாடுகளில் அபராதம் போடுவதற்கு முன் இந்த வசதிகளைச் செய்யவேண்டும்.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நேர்மையாகச் சொன்னால். ஆனால் 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில், முதல்வர் பதவிக்கு அடிபட்ட பெயர்களில் ஒருவரான சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்றவர் பெற்றது 62,216. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. அரசு அன்றே பதவி விலகியது, சில மாதங்களில் நாடு மறுபடி தேர்தலுக்குப் போனது.